மான்செஸ்டருக்கு ஐந்து வழி: கூட்டு விமான டிக்கெட்டில் எதைப் பார்த்து எடுப்பது?

"அண்ணே, மாஸ் டிக்கெட்னு சொல்லித்தான் காசு கட்டினோம். பேப்பரைப் பார்த்தா தோஹாவுலேர்ந்து கத்தார்னு போட்டிருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இந்த மாதிரிக் கேள்விகள் இப்போது அதிகம். (மாஸ் என்றால் மலேசியா ஏர்லைன்ஸ், கத்தார் என்றால் கத்தார் ஏர்வேஸ்.) ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் படிக்கவைத்த பிள்ளைகள் மான்செஸ்டரிலும் டப்ளினிலும் மெல்பர்னிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் அப்பா அம்மாவை வரச் சொல்கிறார்கள். டிக்கெட் தேடினால் ஒரே ஊருக்கு ஒரே நாளில் ஏழெட்டு விலை. சில நேரம் ஒரே விமானமே இரண்டு பெயரில், இரண்டு விலையில் நிற்கும்.

யாரும் ஏமாற்றவில்லை. ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்தில் இன்னொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு இருக்கை விற்கலாம், அதுதான் கோட்ஷேர். கூட்டணி என்பது பல விமான நிறுவனங்கள் சேர்ந்த, அதைவிடப் பெரிய வட்டம்: ஸ்டார் அலையன்ஸ் 1997, ஒன்வேர்ல்ட் 1999, ஸ்கைடீம் 2000. மாஸ் 2013 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது, அதே ஆண்டு கத்தார் ஏர்வேஸும் வந்தது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டார் அலையன்ஸில். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. வேண்டியவரோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். மூன்றாவது வகை கூட்டு வணிகம். ஒரு பாதையில் இரண்டு நிறுவனங்கள் வருமானத்தையே பங்கு போட்டுக்கொள்வது. மாஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2019-இல் அப்படி ஓர் ஒப்பந்தம் போட்டன. போட்டி குறைந்தால் விலை ஏறும் என்பதால் அதைத் துருவிப் பார்த்த சிங்கப்பூர் போட்டி ஆணையம், 2025 ஜூலையில்தான் நிபந்தனையோடு அனுமதி தந்தது.

இந்த உறவுகள் நிலையானவையும் அல்ல. 2016-இல் மாஸ் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் விமானங்களை நிறுத்திவிட்டு, ஐரோப்பாவுக்கு எமிரேட்ஸ் விமானங்களில் தன் எண்ணைப் போட்டு விற்றது. பிறகு கத்தாரோடு நெருங்கியது. 2025 மார்ச்சில் பாரிஸுக்குத் தானே மறுபடி பறக்க ஆரம்பித்தது. போன தடவை தம்பி போன வழி இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக் காசு கட்டக்கூடாது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி, வீடு சுங்கை சிப்புட், மகள் மான்செஸ்டரில் தாதி. இருவரும் நீண்ட தூரம் பறப்பது இதுதான் முதல் முறை. ஆங்கிலம் கொஞ்சம். அம்மா சைவம், அப்பாவுக்கு முழங்கால் வலி.

## எதை வைத்து அளப்பது

விலையைக் கடைசியில் வைக்கிறேன். மற்ற ஐந்தும் தெரிந்த பிறகுதான் எந்த விலை உண்மையில் மலிவு என்று தெரியும்.

ஒரே டிக்கெட்டா? இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வீட்டிலிருந்து மான்செஸ்டர் வரை ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் உங்களை வேறு விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் உங்கள் பாடு. இரண்டு நிறுவனமும் ஒரே கூட்டணியில் இருப்பதால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த உத்தரவாதம் கிடையாது. தனி டிக்கெட்டுகளுக்குப் பெட்டியைக்கூடக் கடைசி ஊர் வரை அனுப்ப மறுக்கலாம்.

யார் விற்றது, யார் ஓட்டுவது? டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் விற்றவரைக் காட்டும்: 232 மாஸ், 157 கத்தார், 618 சிங்கப்பூர், 176 எமிரேட்ஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ். தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுவது எல்லாம் விற்றவரிடம். சாப்பாடு, இருக்கை, சக்கர நாற்காலி, பயண நாளின் தாமதம் எல்லாம் ஓட்டுபவரிடம். இருவரும் வேறு என்றால் இரண்டு கவுண்டரில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும், எப்படிப்பட்ட இடம்? ஒரே கட்டடத்துக்குள் நடப்பது வேறு. குடிநுழைவுச் சோதனை (இமிகிரேஷன்) தாண்டி, பஸ் ஏறி இன்னொரு முனையத்துக்குப் போவது வேறு.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு. தலைநகரில் இருப்பவர் எழுதும் ஒப்பீடுகளில் இது இருக்காது. நமக்குக் கோலாலம்பூர் (கேஎல்) விமான நிலையமான கேஎல்ஐஏ போவதே ஒரு பயணம். இடிஎஸ் என்னும் விரைவு ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் 28 நிமிடம், ஆளுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்). இல்லையென்றால் வேன் பேச வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் அதில் ஏறக்குறைய பாதி தூரம்தான். ஈப்போ விமான நிலையமோ காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் போதும்.

எந்தச் சட்டம் காக்கும்? மலேசியாவிலிருந்து புறப்படும்போது நம் பயணிகள் பாதுகாப்பு விதி: 2 மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு, 5 மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இந்தப் பணம் கேட்கும் உரிமை 2024 செப்டம்பர் 2 முதல். பிரிட்டனிலிருந்து புறப்பட்டால் எந்த நிறுவனமானாலும் அந்நாட்டு இழப்பீட்டுச் சட்டம் செல்லும். நிறுவனத்தின் தவறால் இவ்வளவு தூரப் பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 520 பவுண்டு. பிரிட்டனுக்குப் போகும் திசையில் மட்டும் ஒரு வித்தியாசம்: ஓட்டுவது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் இது பொருந்தும். கேஎல்-லண்டன் பாதையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓட்டினால் உண்டு, மாஸ் ஓட்டினால் இல்லை. அச்சடித்த எண்ணைப் பார்க்கமாட்டார்கள், ஓட்டியது யார் என்றுதான் பார்ப்பார்கள்.

மைலேஜ் புள்ளிகளை நான் அளவுகோலில் சேர்க்கவில்லை. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கும் குடும்பத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. மகள் வருஷம் ஒரு தடவை ஊருக்கு வருபவளானால் அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

## வழி 1: மாஸில் நேராக லண்டன், அங்கிருந்து மான்செஸ்டர்

ஏறினால் ஏறக்குறைய 14 மணி நேரம் கழித்துத்தான் இறங்க வேண்டும். நடுவில் எங்கேயும் ஓட வேண்டாம், மலாய் பேசும் பணியாளர்கள், சாப்பாடும் பழகின ருசி. முதல் முறை போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல் லண்டனில் தொடங்குகிறது. மாஸ் இறங்குவது ஹீத்ரோ 4-ஆம் முனையம். மான்செஸ்டருக்குப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5-ஆம் முனையம். இரண்டும் ஒன்வேர்ல்ட் என்பதால் ஒரே டிக்கெட்டில் சேர்க்கலாம், பெட்டியும் மான்செஸ்டர் வரை போகும். ஆனால் முனையம் மாறி, ஹீத்ரோவிலேயே குடிநுழைவும் முடிக்க வேண்டும். 14 மணி நேரம் உட்கார்ந்த முழங்காலோடு அது லேசான வேலை இல்லை. இதை எடுத்தால் இடைவெளி 3 மணி நேரமாவது இருக்கட்டும்.

ரயிலில் போகலாம் என்றால், முன்கூட்டியே வாங்கும் மலிவு ரயில் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானால் அது வீண். அன்றைக்கே வாங்கினால் விலை மலைக்க வைக்கும். மறைமுகச் செலவு இந்த வழியில் இங்கேதான் இருக்கிறது.

மகளோ மருமகனோ கார் எடுத்துக்கொண்டு ஹீத்ரோ வாசலில் நிற்பார்கள் என்றால் கதையே வேறு. அப்போது ஐந்து வழிகளிலும் இதற்கு ஈடு கிடையாது. பாயான் லெப்பாஸிலிருந்தே மாஸில் தொடங்கும்படி ஒரே டிக்கெட் கேட்டால், பெட்டியைப் பினாங்கில் கொடுத்துவிட்டு கேஎல்ஐஏவில் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். விலை வித்தியாசம் சில நாட்களில் வேன் வாடகையைவிடக் குறைவு. கேட்டுப் பாருங்கள், ஏஜெண்டுகள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

## வழி 2: தோஹா வழியாக, மாஸ் அல்லது கத்தார் பெயரில்

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த கேள்வி இந்த வழியைப் பற்றியது. கேஎல்லிலிருந்து தோஹா ஏழரை மணி நேரம் போல, அங்கிருந்து மான்செஸ்டருக்கு நேராக இன்னொரு ஏழு. லண்டனைத் தொடவே வேண்டாம். நடுவில் இறங்கிக் காலை நீட்டி நடப்பது முழங்கால்காரருக்கு நல்லதும்கூட. தோஹா விமான நிலையம் ஒரே கட்டடம். மாறிச் செல்லும் பயணிக்கு அங்கே குடிநுழைவு கிடையாது, பெட்டி தானாக மாறும். மலையாளமோ தமிழோ பேசும் ஊழியர் கண்ணில் படுவதும் அபூர்வம் இல்லை.

இதே இருக்கையை மாஸும் விற்கும், கத்தாரும் விற்கும். விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை; எனவே இரண்டு தளத்திலும் பாருங்கள். மாஸ் பெயரில் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம், ஒரு வேலை மட்டும் கூடும். உங்கள் முன்பதிவுக்கு இரண்டு குறியீடு இருக்கும், மாஸுக்கு ஒன்று, கத்தாருக்கு ஒன்று. கத்தாரின் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கத்தார் தளத்தில் நுழைந்து, அம்மாவின் சாப்பாடு ஏவிஎம்எல் என்று இருக்கிறதா, சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நிறுவனம் விட்டு நிறுவனம் போகும்போது வழியில் தொலைவது வழக்கம். ஏவிஎம்எல் என்பது நம் பாணி சைவச் சாப்பாட்டுக்கு விமானங்கள் வைத்திருக்கும் குறியீடு. வெறுமனே சைவம் என்று சொன்னால் வெள்ளைக்காரப் பாணி அவித்த காய்கறி வந்து நிற்கும்.

வளைகுடா வழியின் இன்னொரு செலவு பணத்தில் வராது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்த மாதிரி நாளில் ஒரே டிக்கெட் கையில் இருப்பவர் காத்திருந்தாலும் கடைசியில் போய்ச் சேர்வார். புறப்படும் வாரத்தில் அந்தப் பக்கத்துச் செய்தியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: எமிரேட்ஸில் துபாய் வழியாக

பயணத்தின் உருவம் தோஹா வழி போலவேதான், மான்செஸ்டருக்கும் நேராகப் போகிறது. கூட்டணி இல்லாததால் இங்கே ஒரு வசதி: விற்பதும் ஓட்டுவதும் ஒருவரே. குழப்பம் குறைவு. குறையும் அதுவேதான், ஏதாவது பிசகினால் கைகொடுக்கக் கூட்டணி கிடையாது. தன் அடுத்த விமானத்தில்தான் பெரும்பாலும் ஏற்றும்.

திரும்பி வரும்போது உதவும் ஒரு தீர்ப்பு இந்நிறுவனம் சம்பந்தப்பட்டதுதான். பிரிட்டனில் புறப்பட்ட முதல் விமானத்தின் தாமதத்தால் துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாலும், கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்த தாமதத்தை வைத்து இழப்பீடு உண்டு என்று 2017-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோஹா வழியாக வந்தாலும் இதே நியாயம்தான். ஒரே முன்பதிவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

## வழி 4: ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வழியாக

நம் ஊர்க்காரர்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் பறக்கிறது. ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்தப் பிள்ளை. தாய் நிறுவனம் அந்த விமானங்களில் தன் எண்ணையும் போட்டு விற்கிறது. சிங்கப்பூரிலிருந்து மான்செஸ்டருக்கு நேர் விமானம் உண்டு. அதாவது, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விமான நிலையம், அங்கே பெட்டியைக் கொடுத்தால் மான்செஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முனையம் மாறினாலும் உள்ளுக்குள்ளேயே ரயில் ஓடுகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்தில் ஈப்போ-மான்செஸ்டர் என்று போட்டு எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஸ்கூட்டைத் தனியாக, சிங்கப்பூரைத் தனியாக வாங்கினால் இது வழி 5 ஆகிவிடும். பெட்டி எடையும் மாறும். சேர்த்து வாங்கினால் தாய் நிறுவனத்தின் எடை அளவு செல்லும், தனியாக வாங்கினால் ஸ்கூட் பெட்டிக்குத் தனியாகக் காசு கேட்கும்.

குறைகள்: மான்செஸ்டர் விமானம் நீங்கள் போகும் நாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் தேதியை வளைக்க முடியாதவர்களுக்கு ஒத்துவராது. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 14 மணி நேரம் உட்கார வேண்டும். விலையும் பெரும்பாலும் மேலே நிற்கும். ஆனால் இரண்டு பேருக்கு கேஎல்ஐஏ வரை போகவர வேன், ராத்திரி விமானத்துக்காக முதல் நாளே போய்த் தங்கும் அறை, கொண்டுவிட வரும் பிள்ளையின் ஒரு நாள் சம்பளம் என்று கூட்டினால் இடைவெளி சுருங்கும்.

## வழி 5: துண்டு துண்டாக, தனித்தனி டிக்கெட்

திரையில் முதலில் கண்ணில் படும் மலிவு விலை பெரும்பாலும் இதுதான். சில இணைய விற்பனைத் தளங்கள் தனித்தனி டிக்கெட்டுகளையே ஒரே பயணம் போல அடுக்கிக் காட்டும். சொந்தமாக மாற்றம் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நடுவில் இறங்கி, அந்த நாட்டின் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இந்தியா வழி என்றால் நடுவழிக்கே விசா வேண்டும்.

நமது தம்பதிக்கு இதை நான் சொல்லவேமாட்டேன். ஆனாலும் இது நல்ல தேர்வாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதுவும் நம் மக்களுக்கே உரியது: போகிற வழியில் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு வாரம் தங்கி, சொந்தக்காரர் கல்யாணத்தையும் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸில் நேராக லண்டன் போவது. நடுவில் நாட்கணக்கில் இடைவெளி இருப்பதால், ஒரு விமானம் தாமதமாகி இன்னொன்று தவறும் என்ற பயமே இல்லை. இடைவெளி சில மணி நேரம் என்றால் தொடாதீர்கள். தவறவிட்டால் அன்றைய விலைக்குப் புது டிக்கெட், மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு பங்கு போய்விடும்.

## ஒரே பார்வையில்

| | லண்டன் நேர் | தோஹா | துபாய் | ஈப்போ-சிங்கப்பூர் | தனித்தனி |
|---|---|---|---|---|---|
| ஒரே டிக்கெட் | கேட்டு வாங்கினால் | ஆம் | ஆம் | தாய் நிறுவனத்தில் எடுத்தால் | இல்லை |
| விற்பவர், ஓட்டுபவர் | லண்டனுக்குப் பின் மாறலாம் | மாறலாம் | ஒருவரே | ஒரே குழுமம் | யாருக்கும் யாரும் பொறுப்பில்லை |
| நடுவில் சிரமம் | முனைய மாற்றம், குடிநுழைவு | குறைவு | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| புறப்படும் இடம் | கேஎல்ஐஏ அல்லது பினாங்கு | கேஎல்ஐஏ | கேஎல்ஐஏ | ஈப்போ | எதுவும் |
| மறைந்திருக்கும் செலவு | ரயில், அன்றைய விலை | கேஎல்ஐஏ பயணம், சாப்பாடு சரிபார்ப்பு | கேஎல்ஐஏ பயணம் | தேதி இறுக்கம் | தவறினால் புது டிக்கெட் |

## யாருக்கு எது

ஹீத்ரோவில் கார் நிற்கும் என்றால் இந்தத் தம்பதிக்கு வழி 1, பினாங்கிலிருந்து. கார் இல்லை, தேதி வளையும் என்றால் வழி 4. இரண்டும் இல்லையென்றால் தோஹா; மாஸ் பெயரா கத்தார் பெயரா என்பதை விலை முடிவு செய்யட்டும். 100, 200 வெள்ளி வித்தியாசம்தான் என்றால் கத்தாரிடமே நேராக எடுப்பேன், ஓட்டுபவரிடமே விற்பனையும் இருந்தால் ஒரு தலைவலி குறையும்.

படிக்கப் போகும் பையனுக்கு வேறு கணக்கு. அவனுக்கு இரண்டு பெட்டி, பரீட்சை தேதியைப் பொறுத்து மாறும் பயணம். அவன் பார்க்க வேண்டியது மாற்றுக் கட்டணமும் பெட்டி எடையும். வளைகுடா வழிகளில் மாணவர்களுக்குத் தனிச் சலுகை வருவதுண்டு, அதைத் தேடட்டும். டப்ளினுக்குப் போகிறவனுக்கு லண்டன் நேர் விமானம் அநேகமாகச் சுற்றுவழி; தோஹாவிலிருந்தோ துபாயிலிருந்தோ நேராகவே இறங்கலாம்.

## காசு கட்டும் முன்னும் பின்னும்

ஏஜெண்ட் கடையில் எடுத்தாலும் சரி, கைப்பேசியில் எடுத்தாலும் சரி, முழுப் பயணத்துக்கும் டிக்கெட் எண் ஒன்றுதானா என்று கேளுங்கள். தலைக்கு ஒரு எண் இருக்கலாம். ஒரே ஆளுக்கு வெவ்வேறு முதல் மூன்று இலக்கத்தோடு இரண்டு எண் இருந்தால் அது துண்டு டிக்கெட். ஒவ்வொரு பகுதிக்கும் யார் ஓட்டுகிறார் என்ற வரியைப் படியுங்கள். பெட்டி எடை டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், விளம்பரத்தில் பார்த்ததை நம்ப வேண்டாம்.

பிரிட்டன் போகும் மலேசியர்கள் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்னும் மின் அனுமதி எடுத்திருக்க வேண்டும். கைப்பேசியிலேயே செய்யலாம், அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் செய்து கொடுப்பது நல்லது, கடப்பிதழ் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் கவுண்டரில் நிற்க வேண்டி வரும். சக்கர நாற்காலியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் ஓட்டும் நிறுவனத்திடமே சொல்லுங்கள்.

பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விமானப் பயண இழப்பீட்டுக்கான மொன்ட்ரியல் உலக ஒப்பந்தப்படி ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை கேட்கலாம், நம் காசில் 8,000 வெள்ளிக்கு மேல். அது உச்சவரம்பு; ரசீதில் உள்ள நஷ்டத்துக்குத்தான் பணம். கூட்டு டிக்கெட்டில் விற்றவர் மேலும் போடலாம், ஓட்டியவர் மேலும் போடலாம், இருவருமே பொறுப்பு. "அது அவங்க விமானம், எங்களுக்குத் தெரியாது" என்று கவுண்டரில் சொன்னால் ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.